அக்கா எழுதிய ஐந்து வாக்கியங்கள்

உங்களில் எத்தனை பேர் இன்னும் வீட்டில் விளக்கைப் ‘புட் ஆஃப்’ பண்ணச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். பேரன் சிரிக்கிறான். இப்போதெல்லாம் யாரும் அப்படிப் பேசுவதில்லை, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும். அவன் சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்த வருடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி.யில் அக்கா இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்ட வருடம் அது. நம் காலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு நாலு பேர் இங்கிலீஷில் போய்விட்டு டுடோரியலுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். பேப்பரில் நம்பர் வராத அன்று எழவு வீட்டுக்கு வருவதுபோல ஆட்கள் விசாரிக்க வருவார்கள், அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுப்பாள். மற்ற பாடங்களில் அக்காவுக்கு நல்ல மார்க். கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இங்கிலீஷ் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. பாடத்திட்டத்தை மாற்றப்போகிறார்கள், பழைய பாடத்துக்கு இந்தச் செப்டம்பர்தான் கடைசி, இதை விட்டால் எல்லாப் பாடத்தையும் புதிதாகப் படித்து முதலிலிருந்து எழுத வேண்டும் என்று டுடோரியல் மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பாஸ் பண்ணினால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம். அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். எங்கள் தெரு வழியாக ஒரு டீச்சர் கைப்பையும் குடையுமாகக் காலையில் நடந்து போவார். அவர் வரும் நேரம் பார்த்து அக்கா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். அந்த டீச்சர் ஒருநாள்கூட இவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதனாலென்ன, இவள் பார்த்தாளே, அது போதும்.

சோழவந்தானில் அம்மாவின் தம்பி இருந்தார். எங்களுக்குத் தாய்மாமன். ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அக்கா பிறந்த அன்றே அது அவருக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். மாமா ரொம்ப நல்ல மனுஷன். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு ஒன்று கொண்டுவருவார். தேதி எப்போது என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்பார். அம்மா ‘காப்பி சாப்பிடுடா’ என்பாள். அவரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அக்கா படித்து முடித்து டிரெயினிங்கும் முடிக்கட்டும், நான் எங்கே ஓடிப்போகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். அக்காவுக்கும் அவரைப் பிடிக்காமல் இல்லை. ஆகவே இது கல்யாணத்துக்குப் பயந்து படித்த பெண்ணின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு இரண்டும் வேண்டும் என்று இருந்தது, இரண்டும் கிடைக்கும்போலத்தான் இருந்தது.

அப்போது கோச்சடையில் வீடுகளைவிட வயல்தான் அதிகம். ஆடிக் காற்று வைகை மணலை அள்ளிக்கொண்டு வந்து சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் போடும். அப்பா டவுனில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். நல்லவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு காலண்டர் கிறுக்கு. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். எதைக் கேட்டாலும் ‘பாக்கலாம்’ என்பார். வீடு கட்டுவது பாக்கலாம். அம்மாவுக்குச் சொத்தைப் பல் பிடுங்குவது பாக்கலாம். எனக்குக் காது குத்துவதைக்கூட அவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன், குத்தும்போது ஊரைக் கூட்டினேன்.

டுடோரியல் டவுனில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு என்று அக்கா என்னையும் கூட்டிப்போனாள். கீழே பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கெடுக்கும் சத்தம், மேலே மாஸ்டரின் சத்தம், இரண்டும் போட்டி போடும். மாஸ்டர் காதில் சாக்பீஸைச் செருகியிருந்தார். இரண்டாம் தாளில் ஒரு வினைச்சொல்லைக் கொடுத்து அதன் அர்த்தங்களுக்கெல்லாம் வாக்கியம் அமைக்கச் சொல்லும் கேள்வி கட்டாயம் உண்டு என்றார். போன தடவைகளில் எது எது வந்தது என்று பார்த்து, இந்தத் தடவை ‘புட் ஆஃப்’தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். போர்டில் எழுதிப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டார். இம்பார்ட்டண்ட் என்று மாஸ்டர் நட்சத்திரம் போட்டுவிட்டால் அது வேதவாக்கு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த வார்த்தைக்கு ஐந்து அர்த்தம் எழுதிப்போட்டார். ஒத்திப்போடுவது ஒன்று. விளக்கை அணைப்பது ஒன்று. இதை இப்போது வெள்ளைக்காரனே சொல்வதில்லை, இருந்தாலும் நம் ஊரில் திருத்துகிறவர்கள் மார்க் போடுவார்கள் என்று அவரே சொன்னார். கேட்டு வந்தவரை ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவது ஒன்று. ஒன்றின்மேல் இருக்கும் ஆசையைப் போகச்செய்வது ஒன்று. கடைசியாக, வேலையில் இருப்பவரின் கவனத்தைக் கலைப்பது. இரண்டே இரண்டு சின்ன வார்த்தை, அதற்குள் இவ்வளவு எப்படி அடைந்து கிடக்கிறது என்று எனக்கு அதிசயமாக இருந்தது. அக்காவுக்குப் பயமாக இருந்தது. கைடில் இருக்கும் வாக்கியத்தை எழுதினால் திருத்துகிறவனுக்குத் தெரிந்துவிடும், சொந்தமாக எழுத வேண்டும் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஆடியும் ஆவணியும் எங்கள் வீட்டில் எல்லாரும் அக்காவுக்கு வாக்கியம் தேடினோம். முதல் வாக்கியம் சுலபம். அப்பா வீடு கட்டுவதை ஒத்திப்போட்டார் என்று எழுதினாள். அதைத் தமிழில் கேட்ட அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்பாவும் சேர்ந்து சிரித்தார். இரண்டாவது, அம்மா விளக்கை அணைத்தாள். மூன்றாவதை அம்மாவே எடுத்துக்கொடுத்தாள். மாமா தேதி கேட்டார், அம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அடுத்த தடவை மாமா வந்தபோது அவரிடமே படித்துக் காட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, நம்ம பேரும் இங்கிலீஷ்ல ஏறிருச்சா என்று கேட்டார். ஐந்தாவதாக, தங்கச்சி பாடுவது என் கவனத்தைக் கலைக்கிறது என்று எழுதினாள். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை. நான் அப்போது நன்றாகத்தான் பாடுவேன்.

நான்காவதுதான் வரவே இல்லை. ஆசையைப் போகச்செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவாட்டு வாசம் என்னைச் சாப்பிடவிடாமல் செய்கிறது என்று எழுதச் சொன்னேன். அக்காவுக்குக் கருவாடு என்றால் உயிர், பொய்யாக எப்படி எழுதுவது என்று கேட்டாள். பரீட்சைக்கு எழுதும் வாக்கியத்தில் யாராவது உண்மையைப் பார்ப்பார்களா? அவள் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் டுடோரியலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எனக்குச் சொன்னாள். ‘நத்திங் கேன் புட் மீ ஆஃப் மை ஸ்டடீஸ்.’ எதனாலும் என் படிப்பு ஆசையைப் போக்க முடியாது. மாஸ்டர் அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினாராம்.

சாயங்காலம் அவள் ஒப்பிப்பாள், நான் கைடைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எனக்கு அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, கேட்டுக் கேட்டே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அப்படித்தான். படித்து முடித்ததும் நாற்பது வாட் குண்டு பல்பைக் காட்டி, புட் ஆஃப் பண்ணு என்பாள். அப்பா, அம்மா எல்லாருக்கும் அது தொற்றிக்கொண்டது. செப்டம்பர் வருவதற்குள் அக்காவின் நாக்கு ஒட்டிக்கொள்வது நின்றுபோயிருந்தது. இந்தத் தடவை பாஸ் என்று மாஸ்டர் அப்பாவிடமே சொன்னார்.

முதல் தாள் திங்கட்கிழமை, இரண்டாம் தாள் செவ்வாய்க்கிழமை. ஹால் டிக்கெட் வந்த அன்று அப்பா காலண்டரோடு உட்கார்ந்தவர் முகம் சுருங்கிப்போய் எழுந்தார். திங்கட்கிழமை ஏழரைக்கு மேல் ராகுகாலம். எட்டரைக்குக் கிளம்பினால்தான் பஸ் பிடித்துப் பத்து மணிப் பரீட்சைக்குப் போகமுடியும். அது போகட்டும், விடியுமுன் அனுப்பிவிடலாம் என்றால், திங்கட்கிழமை கிழக்கே சூலம். கோச்சடையிலிருந்து டவுன் கிழக்கே இருக்கிறது. அன்று முழுக்க அந்தத் திசையில் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது.

அதற்குப் பரிகாரம் தயிர் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். ஒரு கரண்டி தயிரைச் சாப்பிட்டுவிட்டு ஊரே போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. கடைசி வாய்ப்பு, தயிரை நம்பி விடமுடியாது என்று நினைத்தார்போல. பரஸ்தானம் வைப்போம் என்றார். நல்ல நேரத்தில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நம்முடைய பொருள் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுநாள் போகும் வழியில் எடுத்துக்கொள்வது. பயணம் அந்தப் பொருள் புறப்பட்ட நேரத்திலேயே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கெட்ட நேரத்துக்கே கண்ணாமூச்சி காட்டும் ஏற்பாடு. துண்டோ, துணியோ எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அப்பா ஹால் டிக்கெட்டையும் மைப் பேனாவையும் எடுத்தார்.

அம்மா, “அவ ரிப்பனை வச்சாப் பத்தாதா?” என்று கேட்டாள்.

“பரீச்சை எழுதப்போறது ரிப்பனா?” என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் தீர்மானமாகப் பேசிய சில பேச்சுகளில் அது ஒன்று.

அக்கா ஹால் டிக்கெட் மட்டும் வேண்டாம்ப்பா என்றாள். போகிற வழிதானே, எடுத்துக்கொண்டு போகப்போகிறோம், என்று அவர் சமாதானம் சொன்னார். ஜவுளிக் கடை மஞ்சள் பை ஒன்றைத் துவைத்துக் காயவைத்து, அதற்குள் ஹால் டிக்கெட், பேனா, அடிஸ்கேல் எல்லாவற்றையும் வைத்து, மேலே விபூதிப் பொட்டலம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் அதைக் கிழக்கே மூன்றாவது தெருவில் இருந்த கண்டக்டர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் கூடப் போனேன். கண்டக்டரின் மனைவியை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண். கைகழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் பையை வாங்கி, உள்ளே சாமி அலமாரியில் வைத்து, புள்ள பாஸாயிரும், கவலப்படாதீங்கண்ணே என்றார்.

திங்கட்கிழமை காலையில் மாமா முதல் பஸ்ஸில் வெற்றிலையோடு வந்து இறங்கினார். அக்கா ஊதா தாவணி கட்டியிருந்தாள். அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டார், பெரிய வார், இன்னொரு ஓட்டை போட வேண்டியிருந்தது. தயிரும் கொடுத்தாயிற்று. எல்லாருமாகக் கிளம்பி மூன்றாவது தெருவுக்குப் போனோம். கண்டக்டர் வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் கேட்டோம். நாங்கள் தூங்கியபிறகு சேதி வந்ததாம். அத்தையின் கூடப்பிறந்த அண்ணன் திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டார். விடிகாலையில் புருஷனும் பெண்டாட்டியும் அழுதுகொண்டே கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அந்த நேரத்தில் மஞ்சள் பை யாருக்கு ஞாபகம் வரும்?

முன்னறை ஜன்னல் கதவைச் சாத்த மறந்திருந்தார்கள். மாமா என்னைத் தூக்கிக் காட்டினார். உள்ளறையில் சாமி அலமாரி தெரிந்தது. அதன் ஓரத்தில் பையின் மஞ்சள் காது தொங்கியது. மாமா ஓடிப்போய் யார் வீட்டிலிருந்தோ முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை வாங்கிவந்து கம்பிக்குள் விட்டுத் துழாவினார். கொக்கி பையைத் தொட்டது. அவர் இழுத்ததில் பை அலமாரியிலிருந்து நழுவிச் சுவரோரமாக விழுந்து, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது.

மாமா துரட்டியைக் கீழே போட்டார். “சின்னப் பூட்டுதான் மச்சான். ஒடைச்சுட்டு, அவுக வாரதுக்குள்ள புதுசு வாங்கி மாட்டிப்புடுவோம்.”

“எழவுக்குப் போனவுக வீட்டுப் பூட்டை ஒடைக்கிறதா மாப்ள? அது வெளங்குமா?” என்றார் அப்பா.

மாமா கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பெரியவர் பேச்சை மீறிப் பழக்கமில்லாத மனுஷன். அம்மா, ஹால் டிக்கெட் இல்லாமலே கூட்டிப்போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்றாள். சர்க்கார் பரீட்சை, சீட்டு இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டான், அத்தனை பேர் முன்னால் பிள்ளையை வெளியே தள்ளினால் அது தாங்குமா என்றார் அப்பா. சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிறவர், அவருக்குத் தெரியாதா என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். ‘வந்துருவாங்க, பாக்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். கொட்டாம்பட்டி எங்கே இருக்கிறது, எழவு வீட்டில் எப்போது பிணம் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவை தெருமுனையில் யாராவது திரும்பும்போதும் எழுந்து நின்று பார்த்தார்.

அக்கா அழவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆனதும் கையிலிருந்து அதைக் கழற்றி, “இந்தாங்கப்பா” என்று அவரிடம் நீட்டினாள். அப்பா அதை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் புது ஓட்டை அந்த வாரில் கடைசிவரைக்கும் இருந்தது.

சாயங்காலம் அத்தை வந்தார். தீட்டு என்று வீட்டுக்குள் வரவில்லை. ஈரத்தலையோடு வாசலுக்கு வெளியே நின்று, பையைச் சுற்றுச்சுவர்மேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணனுக்காக அழுதாரா, அக்காவுக்காக அழுதாரா தெரியவில்லை. அப்பா, உங்க துக்கம் பெருசும்மா, இதுக்குப்போய் அழுகாதீக என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கிழக்கே போக ஒரு தடையும் இல்லை, எமகண்டமும் ஒன்பதுக்குத்தான். ஒரு தாள் எழுதாமல் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா அக்காவை இரண்டாம் தாள் எழுதக் கூட்டிப்போனார். போனது போகட்டும், இதை எழுதி வைப்போம், அப்புறம் பாக்கலாம் என்றார். அக்கா மறுக்கவில்லை. நானும் போனேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அக்கா வெளியே வந்ததும் அப்பா வேகமாக எழுந்துபோய், “அந்தக் கேள்வி வந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

“வந்துச்சுப்பா. அஞ்சும் எழுதிட்டேன்.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அக்காவுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தார். அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்தாள். அது ஏன் பாதியில் நின்றது என்று அப்போது நான் யோசிக்கவில்லை, எனக்குப் பாதி சோடா லாபம்.

மார்க் ஷீட்டில் முதல் தாளுக்கு நேரே ‘வரவில்லை’ என்று இருந்தது. இரண்டாம் தாளில் நல்ல மார்க். தை மாதம் மாமாவோடு கல்யாணம் நடந்தது. புதிய பாடத்துக்குப் படித்து எழுதேன் என்று மாமாவே கொஞ்சநாள் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பிள்ளை பிறந்தது, மாமாவோடு இருந்த எங்கள் பாட்டி படுக்கையில் விழுந்தார், கொடிக்காலுக்கு ஆள் கிடைக்கவில்லை. அக்கா வெற்றிலையைக் கிள்ளி, அடுக்கி, கட்டுப்போடக் கற்றுக்கொண்டாள். விரல் நுனி கறை பிடித்துக் கறுத்துப்போயிற்று. கைடும் மஞ்சள் பையும் கொஞ்சகாலம் பரணில் கிடந்தன, பிறகு ஒரு மழையில் கூரை ஒழுகி எல்லாம் கூழாகிப்போனது. அப்பா வீடு கட்டவே இல்லை. வாடகை வீட்டிலேயே கண்ணை மூடினார்.

டீச்சர் ஆனது நான். அக்காவுக்குப் பாடம் கேட்டுக் கேட்டு வந்த இங்கிலீஷ்தான் எனக்குச் சோறு போட்டது. கைப்பையும் குடையுமாக நான்தான் தெருவில் நடந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவை என்னைப் பரீட்சை ஹால் கண்காணிப்புக்குப் போட்டபோது, ஒரு பெண் ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தது. முதன்மைக் கண்காணிப்பாளர் ஒன்றும் பதறவில்லை. பெயர்ப் பட்டியலில் நம்பரைப் பார்த்தார், ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினார், நாளைக்குக் கொண்டு வந்து காட்டு, போய் உட்கார் என்றார். அவ்வளவுதான் விஷயம். அன்று நான் ஹாலில் நின்று மூன்று மணி நேரமும் கேள்வித்தாளைப் படிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அப்பாமேல் எனக்கு அதுவரைக்கும் வராத ஆத்திரம் வந்தது. கூட்டிப்போய்க் கேட்டிருந்தால் போதும். பூட்டை உடைக்க வேண்டாம், துரட்டி வேண்டாம். கேட்டிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு சர்வீஸ் முழுக்க எத்தனையோ பிள்ளைகளை அப்படி உள்ளே விட்டிருக்கிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, வயிற்றெரிச்சல்தானே என்று ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவேன். அப்பா இருந்தவரைக்கும் அப்பாவுக்காகச் சொல்லவில்லை. பிறகு மாமா இருந்தவரைக்கும் மாமாவுக்காகச் சொல்லவில்லை. நானும் அப்பா பெற்ற பெண்தானே.

போன மாதம் சோழவந்தானுக்குப் போயிருந்தேன். மாமா போய்ச் சில வருடம் ஆகிறது. கொடிக்கால் தண்ணீரில்லாமல் காய்ந்து, வேறு கைக்கு மாறிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். அக்காவுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொன்னால், யாருக்குப் பார்க்கப்போறேன் என்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் வெறுந்தரையில் படுத்திருந்தோம். ஹால் டிக்கெட் இல்லாமல் வந்த பிள்ளைகளை நான் உள்ளே விட்ட கதையை எனக்கே தெரியாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு ஹால் டிக்கெட் இல்லாமலே போயிருந்தால் உன்னை உள்ளே விட்டிருப்பார்கள் அக்கா என்றேன்.

அவள் மோட்டுவளையைப் பார்த்தபடியே, “தெரியும்டி” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளே நிதானமாகச் சொன்னாள். இரண்டாம் தாள் எழுதப்போன செவ்வாய்க்கிழமை, அவளுக்கு முன் பெஞ்சுப் பெண் ஹால் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வந்திருந்ததாம். ஒரு பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்களாம். அக்கா அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பேனாவைத் திறந்து ஐந்து வாக்கியத்தையும் எழுதியிருக்கிறாள். எதனாலும் என் படிப்பு ஆசையைப் போக்க முடியாது என்பதையும் எழுதியிருக்கிறாள்.

“அன்னைக்கே அப்பாகிட்ட ஏன்க்கா சொல்லல?”

“வெளிய வாரேன், அந்த மனுசன் வேப்பமரத்தடியில இருந்து எந்திரிச்சு ஓடியாராரு. மொகத்தைப் பாத்தேன். எப்பிடிச் சொல்லச் சொல்ற?”

இத்தனை வருடம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சோறு போட்டிருக்கிறாள், அவர் காலண்டர் பார்த்துக் குறித்துக்கொடுத்த தேதியில் கழுத்தை நீட்டியிருக்கிறாள். நான் மறைத்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் டீச்சராகி முதல் சம்பளத்தில் அவளுக்குச் சேலை வாங்கிக்கொண்டு போனபோதும், அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பிறகு அவளே கேட்டாள். “ஹால் டிக்கெட் இல்லாம நீ உள்ள விட்டியே, அந்தப் பிள்ளைக எல்லாம் பாஸாயிருச்சா?”

எனக்குத் தெரியவில்லை. நம்மை எப்போதும் வேறு பள்ளிக்கூடத்தில்தான் கண்காணிப்புக்குப் போடுவார்கள், பரீட்சை முடிந்தால் அந்தப் பிள்ளைகளைத் திரும்பப் பார்ப்பதே இல்லை. அதைச் சொன்னேன்.

“கேட்டு வச்சிருக்கலாம்ல” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.